திண்டிவனத்தில் ஒரு சாகாத சென்சார்

விழுப்புரத்தை நான் வாழ்நாளில் எத்தனையோ தடவை தாண்டிப் போயிருக்கிறேன். இறங்கியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போகிறவனுக்கு விழுப்புரம் என்பது பெர்த்தில் புரண்டு படுக்கும்போது காதில் விழும் ஒரு டீக்காரர் குரல், அவ்வளவுதான். இந்தத் தடவை இறங்க வேண்டி வந்தது. காரணம், என் சம்பந்தியின் இடது கை.

என் மகள் உமாவைத் திண்டிவனத்தில் கொடுத்திருக்கிறேன். அவளுடைய மாமனார் ஏழுமலை அங்கே மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் நிலக்கடலை என்று சொல்வது அங்கே மல்லாட்டை. பொருத்தம் பார்த்தபோது பிள்ளைகளுக்கு எட்டுப் பொருத்தமோ ஒன்பதோ இருந்தது. சம்பந்திகளுக்குப் பத்தும் இருந்தது. இருவருக்கும் சர்க்கரை, இருவருக்கும் இன்சுலின் ஊசி, இருவர் கையிலும் சென்சார்.

சென்சார் என்றால் தெரியாதவர்களுக்கு: பழைய ஒரு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை வில்லை. புஜத்துக்குப் பின்பக்கம் ஒட்டிக்கொள்ள வேண்டும். மயிரிழை போல ஒரு கம்பி தோலுக்குள் இருந்துகொண்டு சர்க்கரை எவ்வளவு என்று போனுக்குச் சொல்லும். பதினாலு நாள் சொல்லும். பதினைந்தாம் நாள் உதைத்தாலும் பேசாது. விலையைச் சொல்லி உங்களுக்கும் சர்க்கரையை ஏற்ற விரும்பவில்லை. நான் ஒன்று ஒட்டும் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவருக்குப் புதுச் செருப்பு தள்ளிப்போகும்.

இப்படி இருக்கையில் உமா போன் செய்தாள்.

"யப்பா, மாமா கையில ரெண்டு மாசமா ஒரே சென்சார்தான் இருக்கு. எப்பக் கேட்டாலும் நூத்திப் பத்து, நூத்தி இருபதுங்காங்க. விழுப்புரத்துல ஒரு போன் கடையில செட்டிங் பண்ணிட்டு வந்தாங்களாம், அதுலருந்து நின்னு ஓடுதாம். நம்ம குட்டிய அவங்கதான் பைக்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு. நான் கேட்டா மருமவ வேவு பாக்கான்னு ஆயிரும். நீங்க வந்து பாருங்க."

சந்தேகப்பட ஆள் வேண்டும் என்றால் எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். பேத்தி விஷயம், உடனே கிளம்பினேன். துப்பறியப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அந்த செட்டிங் உண்மையாக இருந்தால் கையோடு நானும் பண்ணிக்கொண்டு வந்துவிடலாம் என்ற எண்ணத்தை மட்டும் சொல்லவில்லை.

ரயிலில் விடியும் நேரம் என் போன் கத்தியது. சர்க்கரை அறுபத்தொன்று, இறங்கிக்கொண்டிருக்கிறது என்றது. பதறி எழுந்து சம்பந்திக்கு வாங்கிய அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் போட்டேன். மூன்றாவது வாய்க்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது: சென்சார் இருக்கும் கையை நசுக்கிக்கொண்டு படுத்தால் அது இல்லாத குறைவைக் காட்டும். விரலைக் குத்திப் பார்த்தேன். நூற்று முப்பது. அதாவது அல்வாவுக்கு முன்பு எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. எதிர் பெர்த்காரர் என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாத்திரை" என்று சொல்லி வைத்தேன்.

விழுப்புரத்தில் இறங்கி இட்லி சாப்பிட்டேன். சாம்பார் இனித்தது. எங்கள் பக்கத்துச் சாம்பார் இனிக்காது. இதில் வெல்லம் போட்டார்களா என்று சந்தேகம் வந்து சர்வரைக் கேட்டேன். "சாம்பார்ல இன்னா போடுவாங்க, சாம்பார்தான் போடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். விசாரணையின் முதல் சாட்சி இப்படி.

ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாகத் தொங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், உமா சொன்ன அடையாளத்தை வைத்துப் போன் கடையைக் கண்டுபிடித்தேன். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, நடுவில் முப்பது வயதுக்காரர் ஒருவர். கையைத் திருப்பி என் சென்சாரைக் காட்டினேன்.

"இதுக்கு செட்டிங் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க."

அவர் வில்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?"

"நான் திருநெல்வேலி."

அது அவருக்கு இன்னும் கலவரத்தைக் கொடுத்தது. திண்டிவனம் மல்லாட்டை மண்டி ஏழுமலையின் சம்பந்தி என்று சொன்னதும்தான் முகம் தெளிந்தது.

"அவரா? அந்தப் போன் கத்திக்கினே இருக்குது, பேஜாரா கீது, சவுண்ட நிறுத்திக் குடுன்னாரு. நிறுத்திக் குடுத்தேன். அவ்ளோதான் சார் செட்டிங்."

நான் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை யார் முதல் கேள்வியிலேயே சொல்வார்கள்? புரிந்துகொண்டேன் என்று காட்ட ஒரு கண்ணை மூடித் திறந்தேன்.

"இன்னாத்துக்கு சார் கண்ணடிக்கிறீங்க?" என்றார் அவர். "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க."

தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறியபிறகுதான் அவர் சொன்னது மெல்ல உள்ளே இறங்கியது. சத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சர்க்கரை இறங்கினால் எழுப்பும் சத்தத்தை. அது எப்படி ஒரு சென்சாரை இரண்டு மாதம் ஓட வைக்கும்? விடை தெரியவில்லை, ஆனால் கேள்வி பிடிக்கவில்லை.

திண்டிவனம் பஸ்ஸில் இடம் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் நல்லவர்கள்; பஸ் ஆடினால் பக்கத்தில் இருப்பவரின் புஜத்தைத்தான் உரிமையோடு பிடித்துக்கொள்கிறார்கள். என் சென்சாருக்கு இன்னும் ஐந்து நாள் ஆயுள் பாக்கி. நான் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் கூடையோடு இருந்த அம்மா உற்றுப் பார்த்தார்.

"இன்னா அது, வாட்ச்ச கொண்டுபோய் தோள்ல கட்டிக்கினு கீறீங்க?"

"சர்க்கரை பாக்குத மெஷின்மா."

"மணி காட்டாதா?"

"காட்டாது."

"அப்ப தண்டம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கூடையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார்.

சம்பந்தி வாசலிலேயே நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிய நெட்டையான மனிதர். "வாங்க சம்பந்தி, இன்னா இப்பிடி எளைச்சுட்டீங்க" என்று சொல்லி என் புஜத்தைப் பிடித்தார். நான் அவர் புஜத்தைப் பிடித்தேன். பாசத்தால் பிடித்தது போல இருக்கட்டும் என்றுதான். கைக்கு அகப்பட்டது நிஜ வில்லை. அதைச் சுற்றி மருந்துக்கடைத் துணிப் பிளாஸ்திரி, அதன் மேல் இன்னொரு பிளாஸ்திரி, ஓரமெல்லாம் அழுக்கேறி.

"ரெண்டு மாசமாமே" என்றேன்.

"ரெண்டு தாண்டிருச்சு." பெருமை முகத்தில் வழிந்தது. "நம்ம கைக்கு அப்பிடி."

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊரில் சம்பந்தி வந்தால் தேங்காய்ப்பால் சொதி வைத்து வெள்ளையாக உபசரிப்போம். இங்கே குழம்பு வாசலுக்கே வந்து கூப்பிட்டது. இலை போடுவதற்கு முன் உமா வழக்கம்போல, "மாமா, எவ்வளவு?" என்றாள். அவர் போனைத் தேடவே இல்லை. கண்ணை மூடி, உள்ளங்கையை லேசாகக் குவித்து, எதையோ நிறுப்பது போல ஆட்டினார். "நூத்திப் பதினஞ்சு."

இதுதான் சமயம் என்று நான் விரலில் குத்திப் பார்க்கும் மெஷினை எடுத்தேன். "சும்மா ஒரு விளையாட்டு, சம்பந்தி" என்றேன். அவர் கொஞ்சமும் தயங்காமல் விரலை நீட்டினார்.

நூற்றுப் பதினெட்டு.

வீடே சிரித்தது. சம்பந்தியம்மா சமையலறையிலிருந்து, "அவரு மண்டில ஒரு பிடி அள்ளி உரிச்சுப் பாத்தா மூட்டைக்கு எவ்ளோ பருப்பு தேறும்னு சொல்லிடுவாரு. மெஷின் வச்சு நிறுத்தாலும் மாறாது" என்றார்.

"உங்களுக்கும் சொல்லட்டுமா?" என்று ஏழுமலை என் முகத்தைப் பார்த்தார். "எரநூறு தாண்டும். நெய் வாசனை வருது." குத்திப் பார்த்தேன். இருநூற்று முப்பத்தொன்று. ரயிலில் திறந்த பொட்டலம்தான். பஸ்ஸிலும் இரண்டு வாய் போட்டிருந்தேன். துப்பறிய வந்தவனே பிடிபட்டுப் படுத்தேன். படுத்தபிறகு ஒன்று உறுத்தியது. சரியாகச் சொன்னார், சரி. போனைப் பார்க்காமல் ஏன் சொன்னார்?

மறுநாள் காலை நிலத்துக்குக் கிளம்பினோம். மல்லாட்டை பிடுங்கும் நாள், ஆட்கள் சீக்கிரம் வந்துவிட்டார்களாம். சம்பந்தி வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். "துன்னுட்டுப் போங்க" என்று சம்பந்தியம்மா சொல்லச் சொல்ல, "அங்க துன்னுக்கறோம், ஜல்தியா குடு" என்று டிபன் கேரியரை வாங்கி மாட்டினார். நான் ஊசி போடவில்லை. இலையைப் பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை என்பது என் சந்தேகங்களில் ஒன்று. பைக்கில் அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். பேத்தி முன்னால் உட்காரும் இடத்தில் ஒரு சின்னத் துண்டு மடித்துக் கட்டியிருந்தது.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு வியாபாரி வந்து நின்றார். பேச்சு ஆரம்பித்தது. இரண்டு பேரும் விலையைச் சொல்லாமலே விலை பேசினார்கள். ஒருவர் மழையைப் பற்றிப் பேசினால் இறக்கு என்று அர்த்தம், மற்றவர் மகன் படிப்பைப் பற்றிப் பேசினால் ஏற்று என்று அர்த்தம். கேரியர் வேப்ப மர நிழலில் காத்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பசித்தது, நான் திறந்து என் பங்கைச் சாப்பிட்டேன், அளவாக ஊசியும் போட்டுக்கொண்டேன். அவரைக் கூப்பிட்டேன். "ரெண்டு நிமிசம்" என்றார். அந்த இரண்டு நிமிடம் வெயில் ஏறும்வரை போனது.

வியாபாரி போனபிறகு ஏழுமலை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பிடி காய் அள்ளி உரிக்க ஆரம்பித்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. வெயிலில் எல்லோர் முதுகும்தான் நனைந்திருந்தது.

"இன்னிக்கு ஸ்கூலு அரை நாள். குட்டியக் கூட்டியாரணும்" என்றார். "கெளம்பறேன்." சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தார்.

காய் ஆய்ந்துகொண்டிருந்த அஞ்சலை என்ற அம்மாதான் முதலில் பார்த்தார். "இன்னா மொதலாளி, இன்னிலேருந்து தோலு வியாபாரமா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். உரித்த பருப்பையெல்லாம் மண்ணில் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் தோலைச் சேர்த்து வைத்திருந்தார். குவித்த கையை லேசாக ஆட்டி நிறுத்துப் பார்த்தார்.

"சம்பந்தி, இப்ப எவ்வளவு இருக்கும்?" என்றேன்.

கண்ணை மூடினார். "நூத்தி இருவது." தடுமாற்றமே இல்லை. இன்னொரு கை சட்டைப் பையிலிருந்து பைக் சாவியை எடுத்துவிட்டது.

சாவியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன் என்று எழுத ஆசை. உண்மையில், "எங்க, சாவிக்கொத்து நல்லாருக்கே, பாப்போம்" என்று வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "இன்னா சம்பந்தி, நேத்துலேருந்து பாக்கறேன், என்ன திருடனாட்டம் பாத்துக்கினு கீறீங்க. குடுங்க சாவிய." இப்படி அவர் என்னிடம் பேசியதே இல்லை. சாவிக்கு நீட்டிய கையிலேயே விரலைப் பிடித்துக் குத்தினேன்.

ஐம்பத்திரண்டு.

அஞ்சலை ஏற்கனவே ஆட்களுக்கு வந்த டீ கேனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "எங்க ஊட்டுக்காரருக்கும் சக்கர எறங்குனா இந்த வேலதான். குடி மொதலாளி. பேசாத, குடி." சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. ஒரு டம்ளர், இன்னொரு டம்ளர். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை குத்திப் பார்த்தேன். எழுபத்தெட்டு. அதற்குப் பிறகு கேரியரிலிருந்த இட்லியை அவர் சாப்பிட்டார். உமாவுக்குப் போன் போட்டு, பேத்தியை நீயே போய்க் கூட்டிக்கொள், மாமா வியாபாரத்தில் இருக்கிறார் என்று சொன்னேன். பொய்தான். பாதிப் பொய்.

பிறகு என் போனை அவர் கையிலிருந்த வில்லையின் மேல் வைத்தேன். தடுக்கவில்லை. இந்தச் சென்சாரின் காலம் முடிந்துவிட்டது என்று எழுத்து வந்தது. அதை அவரிடம் காட்டினேன்.

"தெரியும்" என்றார். மண்ணில் கிடந்த பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தார். "பதினாலு நாள்லயே அது செத்துப் பூட்டுச்சு."

"அப்புறம் எதுக்கு கையில?"

"மருமவ தெனம் கையப் பாக்குது. கையில இருந்தா அதுக்கு நிம்மதி, செட்டிங்குன்னு சொல்லி வச்சேன். வேற ஒண்ணு வாங்கலாம், அறுவடை முடியட்டும்னு வுட்டேன்." ஒரு பருப்பை எடுத்து மண்ணை ஊதினார். "அது உயிரோட இருந்தப்ப மொதல்ல நான் சொல்லுவேன் சம்பந்தி, அப்பறம் போனப் பாப்பேன். சும்மா சொல்லலங்க, பத்துக்கு எட்டு தடவ சரியா வந்துச்சு. ஒரு பிடி அள்ளினா மூட்டையே தெரியிது, நம்ம ஒடம்பு தெரியாதான்னு நெனச்சேன்."

"பாக்கி ரெண்டு தடவை?"

பொறுக்கிய பருப்பை மடியில் போட்டார். "இப்ப நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஐம்பத்திரண்டில் நல்லாத்தான் இருந்த மனிதர், மடித்துக் கட்டிய துண்டின் மேல் என் பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு போயிருப்பார்.

அவர் முழுசாகத் தெளிந்து, இன்னொரு தடவை குத்திப் பார்த்த பிறகு, பைக்கை நான் ஓட்டினேன். திருநெல்வேலியில் ஸ்கூட்டரைத் தவிர எதையும் தொடாதவன். கியர் மாற்றும்போதெல்லாம் அது வேறு மாதிரிக் கத்தியது. பின்னால் உட்கார்ந்து சம்பந்தி, "ஐம்பத்திரெண்டுல நானே இத விட நல்லா ஓட்டியிருப்பேன்" என்றார். பழைய ஆள் திரும்பிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன்.

வீட்டில் உமாவிடம் அவரே சொன்னார். முழுசாகச் சொன்னார், தோலைச் சேர்த்து வைத்தது உட்பட. உமா உள்ளே போய்விட்டாள். சம்பந்தியம்மா பேசினார். அதை இங்கே எழுதினால் இடம் போதாது.

என் பையில் இன்னும் ஒரு புதுச் சென்சார் இருந்தது. என்னுடையது முடிந்ததும் ஒட்ட வைத்திருந்தது. அதை எடுத்தபோது கை கொஞ்சம் தயங்கியதை மறைக்க விரும்பவில்லை. பழைய வில்லையை உரித்தோம். கீழே தோல் சிவந்து தடித்துப் போயிருந்தது. சாகாத சென்சாரின் லட்சணம் அது.

இன்னொரு கையில் இடம் பார்த்தேன். வாசல் நிலையில் இடிக்காத, படுக்கும்போது நசுங்காத இடமாக, புஜத்துக்கு நேர் பின்னால். அவர் காலையில் எண்ணெய் தேய்த்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். ஈரத்தில் ஒட்டினால் மூன்றாம் நாள் சட்டையோடு வந்துவிடும், எனக்கு வந்திருக்கிறது. ஒட்டிய பிறகு மேலே பிளாஸ்திரியை வளையமாக வெட்டி, நடுவில் இருக்கும் சின்ன ஓட்டையை மூடாமல் போட்டேன். மூட்டை தூக்குவது இனி அந்தத் தோளில் இல்லை என்றேன். இடையில் கழன்றால் பெட்டியில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள், எனக்கு ஒரு தடவை மாற்றித் தந்தார்கள் என்றேன். சாப்பிடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், எண்ணும் உடம்பும் ஒத்துப் போகாவிட்டால் விரலைக் குத்துங்கள் என்றேன்.

"இவ்ளோ பண்ணா ரெண்டு மாசம் வருமா?" என்றார்.

"பதினாலு நாள் வரும்."

"அவ்ளோதானா?"

"அந்தப் பதினாலையும் முழுசா வாங்கிரலாம். அதுக்கு மேல செட்டிங் கிடையாது." சொல்லும்போது எனக்கே வருத்தமாக இருந்தது. நான் அதற்குத்தானே வந்தேன்.

உமா வெளியே வந்து அவர் போனை வாங்கி, நிறுத்தி வைத்திருந்த சத்தத்தைத் திரும்ப வைத்தாள். தன் போனிலும் அது கத்தும்படி செய்துகொண்டாள். "இது கொஞ்ச நாளைக்கு ஓடட்டும் மாமா. அதுவரைக்கும் குட்டிய நான் கொண்டு விடுதேன்." அவர் தலையை ஆட்டினார். பைக்கில் மடித்துக் கட்டியிருந்த துண்டைத் தானே போய் அவிழ்த்துக்கொண்டு வந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த நாள் விழுப்புரத்துக்கு அவரே பஸ்ஸில் வந்து என்னை ரயில் ஏற்றிவிட்டார். கையில் ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டை. "துன்றதுக்கு முன்னாடி பாத்துக்குங்க" என்றார். நான் அவருக்குச் சொன்ன அதே வார்த்தை.

வண்டி நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும் அழைப்பு வந்தது.

"சம்பந்தி, இப்ப எவ்ளோன்னு கேளுங்க."

"எவ்வளவு?"

"நான் நெனச்சது நூத்திப் பத்து."

"போன் என்ன சொல்லுது?"

பேச்சு நின்றது. அழைப்பும் நின்றது. சரி, மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குள் சந்தேகம் கிளம்பி நிமிர்ந்து உட்கார்வதற்குள் ஒரு படம் வந்தது. அவர் போனில் தெரிந்த எண். நூற்று எண்பத்தேழு. பழைய படமாக இருக்குமோ என்று ஓரத்தில் நேரம் பார்த்தேன். என் கடிகாரத்தோடு ஒத்திருந்தது. கீழே எழுதியிருந்தார்: "பிடி தப்பிருச்சு சம்பந்தி. நடந்துட்டு வந்து திரும்பப் பாத்து அனுப்பறேன்."

மல்லாட்டைப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாசனை எதிர் பெர்த் வரை போனது. எனக்கு இப்போது எவ்வளவு இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்தேன். நூற்று நாற்பது என்று பட்டது, அப்படியே சத்தியம் செய்யலாம் போல இருந்தது. பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்துவிட்டு விரலை நீட்டிக் குத்தினேன்.